எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பிளாசாவில் இருக்கும் அரசாங்கச் சாராயக்கடை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்திருக்கிறது. கோயிலுக்குப் போகிற வழியில் பார்க்கிறேன். கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது, சனம் கடதாசிப் பைகளோடு வெளியே வருகிறது. ஒருவருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் கிளம்பும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தால் உங்களுக்கு என்ன குறைந்து போயிருக்கும் என்று கேட்க வேண்டும்போல் இருக்கும். யாரைக் கேட்பது? உள்ளே நிற்கிற பெடியனுக்கு அப்போது நடக்கக்கூடத் தெரிந்திருக்காது.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் சாராயப் போத்தல் வேண்டுமென்றால் அரசாங்கக் கடைக்குத்தான் போகவேண்டும். மூலைக்கடையில் கிடையாது, பலசரக்குக் கடையில் கிடையாது. அந்த அரசாங்கக் கடையும் திங்கள் முதல் சனி வரைதான். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. சப்பாத்துக்கடை திறந்திருக்கும், ரிவி விற்கிற கடை திறந்திருக்கும், எங்கள் ஆட்களின் இறைச்சிக்கடையில் ஆடு வெட்டித் தருவார்கள். போத்தல் மட்டும் கூடாது.

"ஆட்டின்ர ரத்தம் பரவாயில்லையாம், முந்திரிகைப் பழத்தின்ர சாறுதான் பாவமாம்," என்பார் அப்பா.

அப்பா பிறண்டி குடிப்பவர். அம்மா இல்லாமற் போன பிறகு நான்தான் அவரை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தேன். நானும் என் மனுசனும் பார்க்டேலில் ஒற்றை அறையில் கிடந்து, ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை வீடு எடுத்த கையோடு அவர் வந்தார். சின்ன அறை அவருக்கு. பின்னேரம் ஆறு மணிக்கு எவர்சில்வர் தம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுவார். ஐஸ் இல்லை, சோடா இல்லை. சத்தம் போடமாட்டார், சண்டை பிடிக்கமாட்டார். குடித்துவிட்டுச் செய்தி கேட்டுக்கொண்டு இருப்பார். நியாயமாகப் பார்த்தால் அவரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மணம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா இருந்த காலத்தில் அவர் இரண்டு விரல் அளவில் நிறுத்தியவர் அல்ல. அதை அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இந்த நாட்டில் எனக்காகவே போட்ட சட்டம் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அப்பா தானாகவே தொடமாட்டார், விரதம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. கிழமைக்கு இரண்டு நாள் வீட்டில் அந்த மணம் இல்லை.

அவருக்கோ அதுதான் தீராத வயிற்றெரிச்சல்.

"எடி பிள்ளை, கிழமையில ஏழு நாள். வெள்ளிக்கிழமையை நான் முருகனுக்கெண்டு விட்டுக்குடுத்திட்டன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விசயம். ஞாயிற்றுக்கிழமையை இவங்கள் என்னை ஒரு சொல்லுக் கேளாமல் பறிச்சுப்போட்டாங்கள். நான் என்ன சேர்ச்சுக்குப் போற வேதக்காரனோ?"

"நல்லதுதானே அப்பா. ஈரலுக்கு ரெண்டு நாள் லீவு."

"என்ர ஈரல் ஒண்டும் யூனியனில சேரேல்லை, லீவு கேக்க."

சனிக்கிழமையே இரண்டு போத்தல் வாங்கி வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். அப்பாவால் முடியாது. அவர் வாங்குவது அன்றன்றைக்கு முடிகிற சின்னப் போத்தல். அது அவருடைய விண்டர் கோட்டின் உள்பொக்கற்றுக்குள் அடங்கும். அதற்கு மேல் வாங்கினால் பையில்தான் கொண்டுவர வேண்டும், பையில் கொண்டுவந்தால் வாசலில் நான் நிற்பேன். நான் ஒரு நாளும் பறித்து வைத்ததில்லை. பார்ப்பேன். என்னுடைய பார்வை என்னவென்று என் மனுசனைக் கேட்டால் தெரியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காலையிலிருந்து சிடுசிடுத்துக்கொண்டு திரிவார். தேத்தண்ணி சூடில்லை என்பார், பேப்பரை யார் குழப்பியது என்பார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவார். பனி கொட்டினாலும் போவார். இரண்டு மணி கழிந்து திரும்பி வரும்போது ஆள் மாறியிருப்பார். ஆட்டுக்கறியும் சோறும் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிடுவார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்துக் கதைகளைச் சொல்லி என்னைச் சிரிக்கவைப்பார். என் சமையலைப் புகழ்வார். அம்மாவைப் பற்றி அவர் கதைத்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். நடந்தால் சூடு தணிகிறது என்று நினைத்தேன். மொன்றியலில் இருக்கும் அவருடைய தங்கச்சிக்கு, என் மாமிக்கு, ரெலிபோனில் பெருமையடிப்பேன்.

"பாருங்கோ மாமி, குடியாத நாளில இந்த மனிசன் எவ்வளவு நல்ல மனிசன்!"

ஒரு சனிக்கிழமை பின்னேரம், வழக்கம்போல் தம்ளரோடு அவர் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். வேலையில் அன்று எனக்கும் சூப்பர்வைசருக்கும் முட்டுப்பட்டிருந்தது. அந்தக் கொதிப்பை யாரிலாவது இறக்கவேண்டும். "எப்பதான் உந்தக் கோதாரியை விடப்போறியள்? மணத்துக்கு எனக்குச் சத்தி வருகுது," என்று கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அவர் ரிவியின் சத்தத்தைக் குறைத்தது மட்டும் கேட்டது. விடியற்காலையில் நெஞ்சு நோகிறது என்றார். அம்புலன்ஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. அம்புலன்ஸில் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள், அவரால் கதைக்க முடியவில்லை, நானும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனே தவிர வாய் திறக்கவில்லை. நான் அவரோடு கடைசியாகக் கதைத்தது அந்தக் கோதாரிப் பேச்சுத்தான்.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இனி நடந்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் செத்தவருக்கு எட்டாம் நாள் படையல் வைப்போம். அதுவரை வீட்டில் மரக்கறிதான். எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைப்போம். மீன், இறைச்சி, நண்டு, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, குடித்தவருக்குச் சாராயம். வாழையிலையில் வைத்து, "வந்து சாப்பிடுங்கோ" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடவேண்டும். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். இது ஐயர் வந்து செய்கிற காரியம் இல்லை, வீட்டுக்காரர் செய்வது.

ஊரில் காலையில் செத்தால் பின்னேரம் எரித்துவிடுவார்கள். செத்த நாளும் எரித்த நாளும் ஒன்றுதான், எதிலிருந்து எண்ணுவது என்று யாரும் யோசித்ததில்லை. இங்கே ஃபியூனரல் ஹோமில் இடம் கிடைக்கவேண்டும், பேப்பர்கள் வரவேண்டும், ஆட்களுக்கு லீவு கிடைக்கவேண்டும். அப்பா போனது ஞாயிறு, தகனம் வியாழன். நான் வியாழனிலிருந்து எண்ணினேன். வருகிற வியாழக்கிழமை எட்டு என்று கணக்குப் போட்டு வேலையில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். செத்தவீட்டுக்கு வந்து எங்களோடு நின்ற மாமி, எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. மாமி தலை முழுகிவிட்டுக் குசினிக்குள் வந்தா.

"பிள்ளை, மீனுக்கு ஆர் போறது? நண்டும் வேணும். அண்ணைக்கு நண்டெண்டால் உயிர்."

"இப்ப என்னத்துக்கு மாமி மீன்?"

"என்னத்துக்கோ? இண்டைக்கு எட்டெல்லே!"

"வியாழக்கிழமைதானே எரிச்சது?"

"எரிச்ச நாளோ கணக்கு? சீவன் போன நாளெல்லே! ஞாயிறு ஒண்டு, திங்கள் ரெண்டு, செவ்வாய் மூண்டு..." என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு போனா. எட்டாவது விரல் இன்றைக்குத்தான் வந்து நின்றது. நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், என்னவோ என் விரல்கள் வேறு கணக்குச் சொல்லும் என்பது போல.

சரி, மீன் கிடைக்கும், நண்டு கிடைக்கும், வாழையிலை கிடைக்கும். எங்கள் கடைகள் ஒன்பது மணிக்குத் திறந்துவிடும். அப்போதுதான் மாமி கேட்டா: "போத்தல் வாங்கி வைச்சிருக்கிறியோ?"

கடை பூட்டு மாமி என்றேன். இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவவுக்கு விளங்கவில்லை.

"பூட்டோ? எங்கட மொன்றியலில மூலைக்கடையில கூட ஞாயிற்றுக்கிழமை பியர் விக்கிறாங்கள். நீங்கள் என்ன காட்டுக்குள்ளயோ இருக்கிறியள்? சொல்லியிருந்தால் ஒரு போத்தல் கொண்டு வந்திருப்பனே!"

"சாராயம் வைக்காட்டில் என்ன மாமி? மிச்சமெல்லாம் வைப்பம்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தா. "ஆசைப்பட்டதை வைக்காட்டில் சீவன் வாசலிலயே நிக்கும், பிள்ளை," என்றா. ஏசவில்லை, விலாசம் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னா. எனக்கு இந்த நம்பிக்கைகள் பெரிதாக இல்லை. ஆனால் ஒன்பதாம் மாடிக் கொரிடோரில், பக்கத்து வீட்டுக்காரர் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், கம்பளித் தொப்பியோடு அவர் நிற்பதை நான் கண்ணால் கண்டேன். என் ஏச்சைக் கேட்டுவிட்டுப் போன மனிதர் இன்னும் உள்ளே வரப் பயந்து நிற்கிறார். கடவுளே, என் கடைசிப் பேச்சு அதுவாக இருக்கக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரு போத்தல் பிறண்டி வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

ரெலிபோனை எடுத்தேன். முதல் வீட்டில் நேற்று பேத்டே பார்ட்டியாம். "கழுவிக் கவிட்டாச்சு அக்கா," என்று அந்த வீட்டுப் பெடியன் சிரித்தான். செத்தவீட்டிலிருந்து கதைக்கிறேன் என்று நினைவு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். இரண்டாவது வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தவர், அந்தக் கிழமை பார்த்துத்தானா மாலை போடவேண்டும்! மூன்றாவது வீட்டில் வைன் இருக்கிறது, சிவப்பு, பரவாயில்லையோ என்றார்கள். வைனை வைத்தால் அப்பா எழும்பி வந்து ஏசுவார். சனிக்கிழமை வாங்கிய போத்தல் ஞாயிறு காலை வரை மிஞ்சியிருக்கும் வீடு எங்கள் சனத்துக்குள் ஒன்றுகூட இல்லையா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனைக்கும் அவர்கள் மிச்சம் வைக்காததற்காக ஏசுகிற ஆள் நான் அல்ல.

என் மனுசன் ரூஜில் புது வீடு வாங்கியிருந்த அவருடைய நண்பருக்கு அடித்துப் பார்த்தார். அங்கே இருந்தது. நல்ல பிறண்டியே இருந்தது. காரை எடுத்துக்கொண்டு பறந்து போய், பத்தரை மணிக்குப் போத்தலோடு வந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். முக்கால்வாசி முடிந்திருந்தது.

மாமி கையால்கூடத் தொடவில்லை. "மூடி உடைச்ச போத்தலோ? பத்துப் பேர் குடிச்ச மிச்சத்தையோ அண்ணைக்கு வைக்கப்போறியள்? எச்சில்!"

"ஆரும் வாய் வைச்சுக் குடிக்கேல்லை மாமி. கிளாசில ஊத்தித்தான் குடிக்கிறவை," என்றார் என் மனுசன்.

"தம்பி, நீர் செத்த பிறகு உமக்கு உப்பிடி வைக்கட்டோ?"

அவர் பால்கனிக்குப் போய்ச் சிகரெட் பற்றவைத்தார். நானும் பின்னாலேயே போய், இனி என்ன வழி என்று கேட்டேன். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை, என்றாலும் அவரைத்தான் கேட்டேன்.

"இஞ்சரும், பாருகள் திறந்திருக்கும். ஆனால் அங்க இருந்து குடிக்கத்தான் விடுவாங்கள். வெளிய கொண்டு போக ஏலாது. அதுதான் சட்டம்."

"இருந்து குடிச்சால் பாவமில்லை, வீட்ட கொண்டு போனால் பாவமோ? என்ன விசர்ச் சட்டம் இது?"

"என்னை ஏன் கேக்கிறீர்? நானோ போட்டனான்?"

நான் கோட்டை மாட்டினேன். மாமி வாசலில் வந்து மறித்தா. துடக்கோடு இருக்கிற செத்தவீட்டுப் பொம்பிளை பாருக்குப் போவதா என்று கேட்கப் போகிறா என்று நினைத்துப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். மாமி என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "போட்டு வா. வந்து தோய்," என்றா. நண்டு உடைக்கப் போய்விட்டா.

பிளாசாவின் மூலையில் ஒரு பார் இருந்தது. அதற்கு முன்னால் நான் ஆயிரம் தரம் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. கதவைத் தள்ளினேன். உள்ளே அரை இருட்டு, பழைய பியர் மணம், பொரித்த எண்ணெய் மணம். பாதிக் கதிரைகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. ஐம்பது ஐம்பத்தைந்து வயது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஒருவரும் இல்லை.

என்னுடைய பாக்டரி இங்கிலிஷில், பிறண்டி வேண்டும், புதுப் போத்தல் ஒன்று என்றேன். போத்தல் விற்க முடியாது என்றாள். அப்படியென்றால் ஒரு கிளாஸ் என்றேன். பன்னிரண்டு மணிக்கு முன்னம் ஞாயிற்றுக்கிழமை ஊற்ற முடியாது என்றாள். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று இருபது. சரி, பன்னிரண்டு மணி வரை இருக்கிறேன், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது ஒன்றில் ஊற்றித் தா என்றேன்.

"ஒரு துளிகூட அந்தக் கதவுக்கு வெளியே போகக்கூடாது. எங்கள் லைசன்ஸ் போய்விடும்," என்றாள்.

அவ்வளவுதான். காலை ஏழு மணியிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் அந்தப் பெண்ணின்மேல் கொட்டியது. இது என்ன நாடு, என்ன சட்டம், செத்த மனிதருக்கு ஒரு மிடறு கொடுக்க விடமாட்டீர்களா, நான் குடிக்கவா கேட்கிறேன், என் முகத்தைப் பார்த்தால் குடிகாரியின் முகமா? இங்கிலிஷ் பாதியில் முடிந்துபோய் மிச்சத்தைத் தமிழில் திட்டினேன். அவள் துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். நான் மூச்சுவாங்க நிறுத்தினதும், "யார் செத்தது?" என்றாள்.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாளாக்கும் என்று ஆத்திரம் வந்தது. ஹாண்ட்பாக்கில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் இருந்தது, செத்தவீட்டில் கொடுக்க அடித்ததில் மிஞ்சியது. அப்பாவின் படம் போட்டது. எடுத்து அவள் முன்னால் போட்டேன். இந்தா, பார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"இவரா?" என்றாள். "போன ஞாயிறு வரவில்லையே என்று நினைத்தேன்."

எனக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஆள் மாறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் இவர்களுக்கு ஒரே முகம்தானே. ஆனால் அவள் கையைத் தலையில் வைத்துக் கம்பளித் தொப்பியைக் காட்டினாள். ஜன்னலோர மேசையைக் காட்டினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்க வருவாராம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக இருப்பாராம். ஒரே ஒரு பிறண்டி. இரண்டு மணி ஆக எழும்பிவிடுவாராம். இரண்டு வருஷமாக, பனி நாளிலும்.

"கிளாசில் வாங்கமாட்டார். கோப்பிக் கோப்பையில் ஊற்றித் தரச் சொல்வார். ஜன்னலால் பார்க்கிற ஆட்கள் கோப்பி என்று நினைக்கவேண்டும் என்பார். போகும்போது பொக்கற்றிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பூ எடுத்து வாயில் போடுவார். எனக்கும் ஒன்று தருவார். உறைக்கும்."

கராம்பு. என் குசினித் தகரத்தில் கராம்பு ஏன் இவ்வளவு கெதியில் முடிகிறது என்று எத்தனை நாள் யோசித்திருப்பேன்.

எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம்தான். கள்ளக் கிழவன்! என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் பொய்யாக்கிப்போட்டாரே! குடியாத மனிசன், நல்ல மனிசன் என்று மொன்றியல்வரை தம்பட்டம் அடித்தேனே! அவர் சிரித்ததும், சமையலைப் புகழ்ந்ததும், அம்மாவைப் பற்றிக் கதைத்ததும் ஒரு கோப்பை பிறண்டிக்குப் பிறகா? அந்தக் கோபம் போகிற போக்கில் என்பக்கம் திரும்பியது. எழுபது வயது மனிதரை, பள்ளிக்கூடத்துக்குக் கட் அடிக்கிற பெடியனைப்போல, கோப்பிக் கோப்பைக்குப் பின்னால் ஒளிய வைத்தது யார்? அந்தச் சட்டம் ஒரு கடைக் கதவைத்தான் பூட்டியது. வாசலில் நின்றது நான்.

"மகளைப் பற்றி ஏதாவது சொன்னவரா?" என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இரண்டு மணிக்குப் போயே ஆகவேண்டும் என்பார். மகள் சமைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பார். ஒருநாள் இன்னொன்று ஊற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வயிற்றில் இடம் வைக்கவேண்டும், அவள் நிறையப் போடுவாள் என்றார்."

பன்னிரண்டு அடித்தது. அவள் எழும்பிப் போய், புதுப் போத்தல் ஒன்றின் மூடியைத் திருகுவது கேட்டது. வெள்ளைக் கோப்பிக் கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிக்கொண்டு வந்து ஜன்னலோர மேசையில் வைத்தாள். பக்கத்தில், கொண்டுபோகிற கோப்பிக்குக் கொடுக்கிற மட்டைக் கப் ஒன்றையும் அதன் மூடியையும் வைத்தாள்.

"எனக்கு உள்ளே வேலை இருக்கிறது. நீ உன்னுடைய கோப்பியை எப்படி எடுத்துக்கொண்டு போகிறாய் என்பது எனக்குத் தெரியாது," என்றாள். காசு வாங்கவில்லை. குசினிக் கதவு ஆடி நின்றது.

மட்டைக் கப்பில் நான்தான் ஊற்றினேன். பிறந்ததிலிருந்து அந்தச் சாமானை நான் கையால் ஊற்றியது அதுதான் முதல் தடவை. ஒரு துளியும் சிந்தவில்லை. மூடியை அழுத்திப் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிளாசாவுக்குள்ளால் நடந்தேன். எதிரே வந்த ஒரு அன்ரி நின்று, "கவலைப்படாதையும் பிள்ளை, கோப்பியைக் குடிச்சுக்கொண்டு போம், குளிர்," என்றா. ஓம் அன்ரி என்றேன்.

மாமி மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. போத்தல் எங்கே, இது என்ன கப் என்றா.

"புதுப் போத்தலில ஊத்தினது மாமி. நான்தான் பாத்தனான். மிச்சத்தைக் கேளாதேங்கோ."

என் முகத்தில் என்ன கண்டாவோ, மூடியைத் திரும்பப் போட்டா. நான் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் அப்பாவின் சின்ன அறையில் படைத்தோம். படத்துக்கு முன்னால் வாழையிலை. சோறு, ஆட்டுக்கறி, மீன் பொரியல், நண்டுக் குழம்பு, முட்டை. நான் மட்டைக் கப்பை இலைக்கு வலப்பக்கத்தில் வைத்தேன். எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினால் என்ன என்று என் மனுசன் கேட்டார். வேண்டாம், இப்படித்தான் அவருக்குப் பழக்கம் என்றேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். அன்றிரவுதான் அவருக்குச் சொன்னேன்.

கற்பூரம் கொளுத்தியாயிற்று. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிடு பிள்ளை. வந்து சாப்பிடுங்கோ, குடியுங்கோ எண்டு வாய்விட்டுச் சொல்லு. மூத்தது நீதானே," என்றா.

குடியுங்கோ. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தச் சொல்லை நான் அவருக்குச் சொன்னதில்லை. இருவரையும் வெளியே போகச் சொன்னேன். முறையில்லை என்று மாமி முணுமுணுத்தா, ஆனாலும் போனா. நான் ரிவியின் பக்கம் இருந்த அவருடைய கதிரையை இலைக்கு நேராக இழுத்து வைத்தேன். ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

"வாங்கோ அப்பா," என்றேன். "ஆறுதலா இருந்து குடியுங்கோ. ஒருத்தரும் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை."

பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.